சங்கத்துக்குக் கொடுத்த மங்களம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சாலைக் கடைத்தெருவில் ஒரு காப்பி கிளப்பில் அடுப்படி வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பாட்டுக் கட்ட மட்டும் எப்படியோ வந்தது. கரமனையில் எங்கள் தெருப் பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் கடைசியாகப் பாடும் மங்களம் நான் கட்டியதுதான். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து என் மனைவி எல்லோரையும்விட உயர்த்திப் பாடுவாள். அவள் இறந்த பிறகும் நான் மடத்துக்குப் போனேன். அவள் குரல் எழும்பும் இடம் வரும்போது பாட்டு சற்று இறங்கினாற்போல் இருக்கும். அந்தக் குறையைக் கேட்கத்தான் போனேன்.

ஒரு நாடகக் கம்பெனி அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டது, இசைத்தட்டாகவும் வந்தது. பிறகு, பாட்டு எழுதுகிறவர்களின் சங்கத்திலிருந்து ஓர் ஆள் சென்னையிலிருந்து கிளப்புக்கே வந்தார்.

"ஊர் ஊராப் பாடறாங்க. நீங்க ஒவ்வொரு இடமாப் போய்க் கேக்க முடியுமா? பாட்டைச் சங்கத்துக்கிட்ட ஒப்படைச்சிடுங்க. அனுமதி கொடுக்கறது, வசூல் பண்ணிப் பங்கு பிரிக்கறது எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

கையில் மாவு. துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுக்கக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

மடத்தில் பஜனை நடத்துகிறவர் செக்ரட்டேரியட் குமாஸ்தா. பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். ஜால்ராவைக் கீழே வைத்தார்.

"அப்போ இனி அவாளைக் கேக்காம பாடப்படாது, ஓய்."

"நான் கட்டின பாட்டுதானே அண்ணா. நான் சொல்றேன், பாடுங்கோ."

"நீர் யாராக்கும் சொல்றதுக்கு? பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. இனி சம்பந்தி உத்தரவு தந்தாத்தான் அழைச்சுண்டு வரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சாமி சன்னிதியில தெத்தும் தப்பும் செய்யப்படாது. அவாளுக்கு எழுதிப் போடறேன். மறுபடி வரட்டே."

அவர் சொன்ன மறுபடி, அதாவது பதில், நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு பாரமாக வந்தது. அரங்கின் பெயர், நாற்காலிகள் எத்தனை, டிக்கெட் விலை என்ன என்று கேட்டிருந்தது. மடத்தில் நாற்காலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

"இல்லேன்னு எழுதினாப் போறாதா?" என்றேன்.

"இல்லேன்னு எழுதினா நம்புவாளோ? காலியா விட்டாத் திரும்பி வரும். முப்பது வருஷம் ஆபீஸ்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

யோசித்து நிரப்பலாம் என்று பாரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அது அங்கேயே இருந்தது. நானும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து வேறொரு மங்களம். எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது. எந்த இடத்திலும் குரல் குறையவில்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.