அழாத கேஸ் ஒன்று கொடுங்கள், மேடம்

மற்ற டாக்டர்களிடம் வரும் நோயாளி தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வார். குழந்தை டாக்டரிடம் வரும் நோயாளி எட்டி உதைப்பார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நாம் ஒரே கட்சி. உங்கள் பிள்ளை அலறியபோது எதிர்ப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்போடு விழித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி. இப்போது அந்த வேலையை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதாவது, ஒரு குழந்தையைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் கோட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி திருவள்ளூர் பக்கம். கும்மிடிப்பூண்டி கம்பெனித் தொழிலாளர் பிள்ளைகள், பழவேற்காட்டு மீனவர் பிள்ளைகள், மேற்கே ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டிலிருந்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். ஊர் எதுவானாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஒரே மொழியில் அழுவார்கள்.

கை எங்கே?

எங்கள் யூனிட்டில் ஒரு சட்டம் உண்டு. கட்டிலருகே போனதும் மாணவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தொடக் கூடாது. அது எப்படி மூச்சு விடுகிறது, எதைப் பார்க்கிறது, அம்மா மடியில் எப்படிச் சாய்கிறது என்பதையெல்லாம் முதலில் கண்ணாலேயே கண்டுபிடிக்க வேண்டும். தொட்டால் அழும். அழுதால் இதயச் சத்தம் கேட்காது, மூச்சை எண்ண முடியாது, வயிறு கல்லாகிவிடும். குழந்தைக்குப் பிடிக்காத தொண்டையும் காதும் கடைசியில்தான். சட்டம் சுலபம்தான். ஆனால் புதிதாக ஸ்டெதாஸ்கோப் வாங்கியவர்களுக்குக் கை சும்மா இருக்காதே!

போன வருஷம் இந்த வரிசையின் கடைசியில் லோகேஷ் நின்றான். ஆறடி உயரம், அடர்ந்த தாடி, கபடி மைதானத்துக்கென்றே செய்த குரல். அதற்கு முந்தைய பரீட்சையில், எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். குழந்தை மருத்துவ ப்ராக்டிகலில் ஃபெயில். அவனுக்குக் கிடைத்த குழந்தை அவனைப் பார்த்த நொடியில் ஆரம்பித்த அழுகையைக் கடைசிவரை நிறுத்தவே இல்லை. இதயத்தில் என்ன கேட்டது என்று தேர்வாளர் கேட்டதற்கு, எதையாவது அடித்துவிடாமல், அழுகை மட்டும்தான் கேட்டது என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான். கூடப் படித்தவர்கள் பாஸாகி, ஹவுஸ் சர்ஜன் என்ற பயிற்சி டாக்டர்களாக அதே வார்டில் திரிய, இவன் மறுபடி மாணவனாக வந்து நின்றான். இந்த முறையும் போனால் இன்னும் ஆறு மாதம் வீண். வந்த அன்றே என்னிடம் கேட்டான், பரீட்சைக்கு அழாத கேஸாக ஒன்று கொடுங்கள் மேடம் என்று. அப்படி ஒன்று உலகத்தில் இருந்தால் எனக்கே வேண்டும் என்றேன்.

அவனும் மற்றவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்து மூன்றாவது கட்டில் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இன்னா மேடம், ஓம்ஒர்க் பண்ணாத பசங்க மாரி நிக்க வெச்சிக்கீறீங்க? பாவம், ஒக்காரச் சொல்லுங்க."

எந்த மாதம் உட்கார்ந்தான்?

குழந்தை எந்த மாதம் குப்புற விழுந்தது, எந்த மாதம் உட்கார்ந்தது என்று அம்மாவைக் கேட்க வேண்டும். வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்பதற்கு அதுதான் அளவுகோல். எங்கள் பேட்சின் கெட்டிக்காரப் பெண் நிவேதா, பட்டியலில் இருந்ததை வரிசைப்படி ஒப்பித்தாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த அம்மா எல்லாவற்றுக்கும் தெரியாது என்றார். அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை என்று முடித்துவிட்டாள் நிவேதா.

லோகேஷ் மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை. அம்மாவுக்கு நினைவு இருக்கிறது, நம் காலண்டரில்தான் இல்லை என்று என் காதில் விழும்படி முணுமுணுத்துவிட்டு வேறு மாதிரி கேட்டான். மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது பையன் தலை நின்றிருந்ததா? தீபாவளிக்குக் கம்பெனியில் போனஸ் போட்ட சமயம் குப்புற விழுந்தானா? அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் தூங்கும்போது பையன் உருண்டு போய் அவர் மீசையைப் பிடித்தது முதற்கொண்டு எல்லாம் வெளியே வந்தது. இத்தனை வருஷமாக நானும் மாதத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்த அம்மா நிவேதாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மாசம் கேட்டா எனக்கு இன்னாம்மா தெரியும்? பொங்கலுக்குத் தானா ஒக்காந்துகினு கரும்ப வாயில வெச்சிகினான். அதை எழுதிக்க."

கோட்டுக்கு வந்த பாக்கியம்

நிவேதாவைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வயிற்றுப்போக்கோடு ஒரு கைக்குழந்தை வந்தது. அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் வேலை. அம்மா ஒடிசாவிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகிறது, ஒடியா தவிர வேறு மொழி தெரியாது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்பதற்கு ஒரு கேள்வி முக்கியம்: குழந்தை சிறுநீர் போனதா? நிவேதா தமிழில் கேட்டாள், ஆங்கிலத்தில் கேட்டாள், தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் கேட்டாள். அப்புறம் கூச்சத்தை விட்டு நடித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பள்ளிப்பட்டு அம்மா தன் பங்குக்குத் தெலுங்கில் கேட்டுப் பார்த்தார். பயனில்லை.

நிவேதா விடவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தானே ஸ்பூனில் கொடுத்துக் காட்டி, அம்மா கையைப் பிடித்து ஊட்டப் பழக்கி, மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் குழந்தையே பதில் சொன்னது, அவள் புதுக் கோட்டின் மேலேயே. நனைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள் நிவேதா. அதைப் பார்த்து ஒடிசா அம்மாவும் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். பள்ளிப்பட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்:

"நைனா, புள்ள தன் மேல ஒண்ணுக்குப் போனதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுற பொண்ண நான் பாத்ததே இல்ல."

தரையில் ஒரு டாக்டர்

லோகேஷின் சிக்கல் அவன் உயரம். கையைக் கட்டி நின்றாலும் குழந்தைகள் அண்ணாந்து பார்த்து, தாடியைக் கண்டு, வீறிட்டன. தாடியை எடுத்தான். அப்புறமும் அழுதன. ஒரு நாள் பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்திலிருந்து நாலு வயசுச் சிறுமி ஒருத்தி காய்ச்சல், இருமலோடு வந்தாள். அவள் அழுத அழுகையில் எங்கள் ஹவுஸ் சர்ஜன்கள் யாருக்கும் நெஞ்சில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அன்று லோகேஷ் என்ன நினைத்தானோ, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கை பின்னால்தான். அவளைப் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு டாக்டரை மேலிருந்து கீழே பார்ப்பது அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் தடவை போல. அழுகை நின்றது. கட்டில் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவன் உச்சந்தலையைத் தொட்டாள். அவன் அசையவில்லை. நான் வாசலில் நின்றபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளாகவே இடம் விட்டு நகர்ந்தாள். அவன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, வலது பக்கம் அடியில் சத்தம் இருக்கிறது மேடம் என்றான். நானும் கேட்டேன். காதருகே முடியை விரலால் தேய்த்தால் வருமே, அந்தச் சத்தம். நிமோனியா. அன்றே மருந்து மாற்றினோம். ஆனால் முன்னதாக நகர்ந்து இடம் கொடுத்து அவனை மேலே அழைத்தபோது அவள் சொன்னதுதான் எனக்குப் பெரிய சர்டிபிகேட்டாகப் பட்டது:

"மேல வந்து ஒக்காரு. கீய எறும்பு கடிக்கும்."

பரீட்சை அன்று

அழாத கேஸ் கிடைக்கவில்லை. லோகேஷுக்கு விழுந்தது ஒன்பது மாதக் குழந்தை, இதயத்தில் ஓட்டை. சென்னையில் ஆபரேஷனுக்குப் பதிந்தாகிவிட்டது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து குழந்தையின் அம்மா இந்தப் பரீட்சைக்காகவே பஸ் மாறி மாறி வந்திருந்தார். குழந்தை எப்போதும் அழுதுகொண்டே இருந்ததால் ரொம்ப நாள் எந்த டாக்டருக்கும் அந்த ஓட்டையின் சத்தம் கேட்கவில்லையாம். நாலு பேர் கற்றுக்கொண்டால் இன்னொரு குழந்தைக்குச் சீக்கிரம் தெரியும் இல்லையா என்று என்னிடம் சொன்னார்.

உள் தேர்வாளராக நான் இருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது; என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும். லோகேஷ் போனான், தரையில் உட்கார்ந்தான், கையைப் பின்னால் கட்டினான். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே இருந்தான். மற்ற கட்டில்களில் மாணவர்கள் தட்டுகிறார்கள், அழுத்துகிறார்கள், டார்ச் அடிக்கிறார்கள். இவன் மட்டும் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். தொடுடா, தொடுடா என்று மனசுக்குள் கத்தினேன். சட்டம் போட்டவளே நான்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. குழந்தை குடித்து முடித்துக் கண் சொருகிய பிறகுதான் அவன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டார். பார்த்தேன் சார், கேட்டேன் சார் என்றான். குழந்தை ஒரே மூச்சில் பால் குடிக்கவில்லை, விட்டு விட்டுத்தான் உறிஞ்சும் சத்தம் வந்தது. நடுவே மூச்சு வாங்குகிறது. குடித்து முடித்ததும் பார்த்தால், ஃபேனுக்கு அடியிலும் நெற்றி வேர்த்திருக்கிறது. ஆகவே இதயம் சிரமப்படுகிறது. தூங்கியதும் கேட்டேன், மார்பின் இடது ஓரம் முரமுரவென்று சத்தம் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னான். தேர்வாளர் சரிபார்க்கக் குனிந்து தன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஏசி அறையிலிருந்து வந்த ஸ்டெதாஸ்கோப், ஐஸாக இருந்திருக்கும். குழந்தை விழித்து வீறிட்டது. அவர் மறுபடி வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்றார். லோகேஷின் முகம் வெளுத்துவிட்டது. போன முறையும் இதே அழுகைதான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே சொன்னார்:

"சார், நீங்களும் அந்தத் தம்பி மாரி கொஞ்ச நேரம் கையக் கட்டிகினு நில்லுங்க. தூங்கிடுவான்."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெரிய மனிதர் உண்மையாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது. நானும் கட்டினேன், லோகேஷும் கட்டினான். ஒன்பது மாதத்து ஆள் எங்கள் மூவரையும் ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டு, இவர்களால் ஆபத்தில்லை என்று தீர்மானித்துக் கண்ணை மூடினான். தேர்வாளர் ஸ்டெதாஸ்கோப்பைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மெதுவாக வைத்து, நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்:

"இருக்கு. நல்லாவே கேக்குது. நீ போலாம்ப்பா, உன்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது, ஆனால் எங்கள் டிபார்ட்மென்டில் பாஸா ஃபெயிலா என்பதை, அழுவதா தூங்குவதா என்று அம்மா தோளில் யோசித்துக்கொண்டிருப்பவர்தான் முடிவு செய்கிறார்.