வகுப்பில் அம்மா கிடையாது

வசந்தம் பிறந்துவிட்டால் அவள் கைப்பையைத் திறக்கவே பயமாக இருக்கும். முட்டை அட்டை, பாட்டில் மூடி, நூல் தீர்ந்த கட்டை, தெருவில் பொறுக்கிய சுள்ளி என்று உள்ளே ஒரு குப்பைக் கிடங்கே குடியிருக்கும். "ஊர்ல இருக்குற குப்பையெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வழி கேட்டு வருது" என்று அலுத்துக்கொள்வான் அவள் கணவன். அப்படிச் சொன்ன வாயோடு, தான் வேலை பார்க்கும் அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய வண்ணத்தாள்களை மூட்டை கட்டிக்கொண்டு வருவதும் அவன்தான்.

அவள் மழலையர் பள்ளி டீச்சர். கணக்கு படித்து ஆபீஸில் உட்காரப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஒரு கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டதில் தடம் மாறிப்போனாள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. பசையும் சாயமுமாக ஒரு வாண்டுக் கூட்டத்தை ஓரிடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? அவளுக்கு அது கைவந்த கலை. உருளைக்கிழங்கை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்தச் சொன்னால் எவன் அதைக் கடிப்பான், கூழாங்கல்லில் வண்டு வரையச் சொன்னால் எவள் தன் மூக்கில் புள்ளி வைத்துக்கொள்வாள் என்பதெல்லாம் அத்துப்படி.

இந்த வருடம் அவளுடைய மகனும் அவள் வகுப்பிலேயே வந்து சேர்ந்தான். பிறந்த அன்று துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததிலிருந்து வீட்டில் அவனுக்குப் பொட்டலம் என்றுதான் பெயர். சேர்க்கும்போதே பள்ளியை நடத்தும் பெரிய மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இங்க நீ எல்லாருக்கும் டீச்சர். அவன் மட்டும் மடியில ஏறி உக்காந்தான்னா மத்த பிள்ளைங்க மனசு என்ன ஆகும்? அந்த மாதிரி ஆச்சுன்னா அவனை வேற எடத்துல சேத்துடு."

வேறு இடம் என்றால் ஊரின் அந்தக் கோடி. காலையில் அவனை அங்கே விட்டுவிட்டு இவள் நேரத்துக்கு வேலைக்கு வர முடியாது. ஆகவே குளிப்பாட்டும்போதெல்லாம் பாடம் நடந்தது.

"ஸ்கூல்ல நான் யாரு?"

"டீச்சர்."

"அம்மா எங்க இருப்பாங்க?"

"வீட்டுல."

பொட்டலம் எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடிதான். பள்ளி வாசலைத் தாண்டியதும் "நீ" போய் "நீங்க" வந்துவிடும். "டீச்சர், பாத்ரூம் போகணும்" என்று விரலை நீட்டிக்கொண்டு நிற்பான். மற்ற டீச்சர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவன் நிஜமாகவே நம்புகிறானா, விளையாடுகிறானா என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அந்த வயதில் இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது.

ஒரு நாள் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். அவள் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, "டீச்சர், எங்கம்மாவைக் கூப்பிடுங்க" என்று தேம்பினான். நான்தாண்டா அம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஜன்னலில் பெரிய மேடம் நின்றுகொண்டிருந்தார். அவள் மருந்து போட்டு, மற்ற பிள்ளைகளுக்குச் செய்வதுபோலவே தலையைத் தடவி அனுப்பி வைத்தாள்.

வசந்தம் வந்ததும் பள்ளிக்கு அம்மாக்களைக் கூப்பிடுவது வழக்கம். பிள்ளைகள் முட்டை அட்டையின் குழிகளை வெட்டிச் சாயமடித்துப் பூவாக்கி, காகிதப் பட்டையில் ஒட்டிக் கிரீடம் செய்து, அவரவர் அம்மா தலையில் வைக்க வேண்டும். பொட்டலத்தின் பூக்கள் அத்தனையும் ஊதா. வேறு வண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் எல்லாமே ஊதா?" என்று டீச்சர் குரலில் கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். உங்களுக்குத் தெரியாது."

அந்தக் கிரீடம் அவளுக்கு வேண்டும். அதைவிட, அத்தனை பேர் நடுவில் அம்மா வராத பிள்ளையாக அவன் நிற்கக் கூடாது. "நான் வேணா லீவு போட்டு வந்து நிக்கட்டுமா?" என்று கேட்டான் கணவன். "அவன் எனக்குன்னு செஞ்சிருக்கான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடக் கூப்பிட, கிரீடங்கள் தலையேறின. கடைசியில் பொட்டலம் மட்டும் நடுவில் நின்றான். கண் வாசலிலேயே இருந்தது.

அவள் குனிந்து, "கண்ணா, நான்தான் இங்க இருக்கேனே" என்றாள் மெதுவாக.

"இல்ல டீச்சர். அம்மா வருவாங்க." கீழுதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

அவள் ஓரமாக நின்ற பெரிய மேடத்தைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை அது. சாயக்கறை படிந்த மேலங்கியை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். பின்வாசல் வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி ஓடி, மூச்சிரைக்க முன்வாசலில் வந்து நின்றாள்.

"அதோ பாரு, உங்கம்மா வந்தாச்சு" என்றார் பெரிய மேடம்.

பொட்டலம் பறந்தான். "ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"பஸ் கிடைக்கலடா, தங்கம்."

அவன் கிரீடத்தை வைத்தான். அது மூக்கு வரை இறங்கியது. எல்லோரும் பார்க்க அவனை வாரியெடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் சாய்ந்து கிடந்தவன், சட்டென்று நிமிர்ந்து வகுப்பைச் சுற்றிப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அவள் கிரீடத்திலிருந்து இருப்பதிலேயே பெரிய பூவைப் பிய்த்தெடுத்தான்.

"ஏண்டா பிய்க்கிற?"

"டீச்சருக்கு. அவங்களுக்கு யாருமே வைக்கல."

"குடு. நான் குடுத்துடறேன்" என்று கையை நீட்டினாள்.

அவன் பூவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "வேணாம், நானே குடுக்கறேன். நீ வீட்டுக்குப் போம்மா. நீ போனாத்தான் டீச்சர் வருவாங்க."