எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லாத டெலெக்ஸ்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பத்திரிகை ஆசிரியர் மன்னித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இது 1984 கடைசியில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு கடலோரத் தோட்டத்தில் நடந்தது. அங்கே ஆபிஸில் கூட்டுவது, காப்பி கலக்குவது, தபால் எடுத்து வருவது என் வேலை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. போன் மணி அடித்தால் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

அன்று காலை கடல் தண்ணீரைத் தடுக்கும் மண்கரை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. கரைக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் குடியிருக்கும் லயம். என் மனைவி பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாயந்திரம் கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும் நாள் அது. வேலை வாங்கும் மண்டோரும் ஆட்களும் சாக்கில் மண் கட்டிப் போட்டார்கள். போடப் போட அது கரைந்தது. மண் வாரும் பேக்கோ வந்தால்தான் கரை நிற்கும் என்றார்கள்.

பேக்கோ சுங்கை ஆயர் தாவார் பக்கம், எங்கள் கம்பெனியின் இன்னொரு தோட்டத்தில் நின்றது. கோலாலம்பூர் தலைமை ஆபிஸ் சொல்லாமல் அதை நகர்த்த மாட்டார்கள். தலைமை ஆபிஸோ வாய்ப்பேச்சை ஏற்காது. டெலெக்ஸில், அதாவது கம்பி வழியே எழுத்தாக அனுப்பும் மிஷினில், கேட்டால்தான் உத்தரவு போடும். தோட்டத்தை நடத்தும் துரை ஊரில் இல்லை. ஆபிஸ் கணக்கு எழுதும் கிராணிதான் டெலெக்ஸ் அடித்தார். மிஷின் கடகடவென்று ஓடி நின்றது. பதில் வரவில்லை. தலைமை ஆபிஸுக்கே போன் போட்டுக் கேட்டார்.

"என்னம்மா வரலன்றீங்க? கண்ணு முன்னால போச்சுலா!"

திரும்ப அனுப்பினார். அதுவும் போய்ச் சேரவில்லையாம். அவர்கள் அனுப்புவது மட்டும் எங்களுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கிராணி முகம் வெளுத்துவிட்டது.

"இந்தாப்பா, நான் கரையப் பாக்கப் போறேன். நம்பரச் சுத்து, அந்தப் பக்கம் பேர் வந்ததும் இந்த நாடாவ ஓட்டு. பதில் வர்ற வரைக்கும் விடாத."

நாடா என்பது செய்தியை ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்திருக்கும் காகிதச் சுருள். அதை ஓட்ட எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். ஓட்டினேன். சன்னல் வழியே பார்த்தால் சாக்குத் தூக்கிக்கொண்டு பெண்களும் ஓடுவது தெரிந்தது. மறுபடியும் இரண்டு தடவை ஓட்டினேன். பதில் இல்லை. மதியம் தாண்டிவிட்டது.

மிஷின் மேல், பழுதானால் கூப்பிட தொலைபேசி இலாகாவின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. ரிசீவரை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். பிள்ளையை நினைத்துக்கொண்டு மூன்றாம் தடவை சுற்றினேன். ஒரு பெண் குரல் மலாயில் பேசியது. தெரிந்த மலாயில் ஏதோ உளறினேன்.

"தமிழாண்ணே? தமிழ்லயே சொல்லுங்க, பதறாதீங்க."

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சரி, மிஷின்ல இருக்கற தாள்ல மேல ரெண்டு வரி இருக்கும். ஒவ்வொரு எழுத்தா படிங்க."

அந்த இரண்டு வரிகளை எங்கள் ஆபிஸில் யாரும் பார்த்ததே கிடையாது. கிராணி அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தாளை ஃபைலில் மாட்டுவார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

"முதல் வரி செய்தி போற எடத்துப் பேர், உங்க தலைமை ஆபிஸ். ரெண்டாவது அனுப்புற எடத்துப் பேர், அது உங்க தோட்டமே இல்லண்ணே. யாரோ மரக்கடை. மிஷின் மாத்துனீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. அந்த வாரம்தான் ஒரு பழைய மிஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"உள்ள இருக்கற பேர மாத்தாம விட்டுட்டாங்க. இப்போ அத மாத்த நேரமில்ல. ஆபிஸுக்கு போன் போட்டு, மரக்கடை பேர்ல வந்ததப் பாக்கச் சொல்லுங்க. அது உங்களுதுதான்னு நானும் இங்கிருந்து அவங்களுக்கு டெலெக்ஸ் அடிக்கிறேன்."

"நானா பேசணும்?"

"வேற யாருண்ணே இருக்கா அங்க?"

பேசினேன். "அந்தப் பேர்ல வந்தத நாங்க வச்சுக்கறதே இல்லையே" என்று தலைமை ஆபிஸ் பெண் இழுத்தாள். என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினேன்: "குப்பைக்கூடையைப் பாருங்க!" ஐந்தும் அங்கேதான் கிடந்தன. அந்த மரக்கடைக்கும் கம்பெனிக்கும் ஏதோ வழக்காம். அந்தப் பெயரில் எது வந்தாலும் தூக்கிப் போடச் சொல்லியிருந்தார்களாம். நாங்கள் மேல் வரியைப் படிப்பதே இல்லை. அவர்களோ மேல் வரிக்குக் கீழே படிக்கவில்லை.

உத்தரவு வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கரைவரை ஓடினேன். லோரியில் பேக்கோ வந்து இறங்கியபோது தண்ணீர் உடைப்பின் வாய்க்கு வந்துவிட்டது. எங்கள் வாசலில் கணுக்கால் அளவு ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். "எங்க போனீங்க இவ்ளோ நேரம்?" என்று திட்டினாள். "போன் பேசிட்டு இருந்தேன்" என்றேன். அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டாள்.

போனில் பேசிய அந்தத் தங்கையின் பெயரை நான் கேட்கவில்லை. அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை. ஆனால் அன்று முதல் போன் மணி அடித்தால் நான் வெளியே போவதில்லை. ரிசீவரை எடுத்ததும் முதலில் என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சத்தமாகச் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தங்கைக்குத்தான் பதில் சொல்வதுபோல் இருக்கிறது.

எழுதி முடித்தது: 12.3.1989