கறை இல்லாத பேய்

தேனிப் பக்கமிருந்து வந்த நாகஜோதிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கறைபட்ட பீஸைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் தமிழில் டப்பிங் செய்த படம் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். ஆனால் பறக்கிற கதாநாயகர்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

“முதுகுல அம்புட்டு நீளத் துணி எதுக்கு? நாம துப்பட்டாவ இடுப்புல சொருகலைன்னாலே சூப்பர்வைசர் கத்துறாரு. இவன் ஒருநாள் ஃபேன்ல சிக்கப் போறான் பாரு.”

பேய்கள் இன்னும் மோசம். “சுடுகாட்டுல இருந்து எந்திருச்சு வாரா, வெள்ளைச் சேலையில ஒரு கறை இல்ல. இவளுக்கா பயப்படுறது?”

பக்கத்து மேசைக் கோகிலா விடவில்லை. “புதுசா ஒரு பேய்ப்படம் வந்திருக்குதுங்க்கா. நீங்க கத்திட்டா வேன்ல உங்க ஜன்னல் சீட்டு எனக்குங்க.”

கம்பெனி வேனில் காற்று வரும் இடம் அது ஒன்றுதான். நாகஜோதி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

தியேட்டரில் பேய் கூரையில் தலைகீழாக நடந்தது. கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள். நாகஜோதி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பேய், கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளில் ரத்தக் கையைத் துடைத்தது.

“அய்யய்யோ! அத்தனையும் வெள்ளை பீஸுடி!”

முன்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“பேய்க்கா கத்துனேன்? கறைக்குத்தானடி கத்துனேன்!”

“கத்துனது கத்துனதுதானுங்க்கா.”

திங்கட்கிழமை கோகிலா ஜன்னலோரம் முடி பறக்க உட்கார்ந்திருந்தாள். நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்த நாகஜோதி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பேய ஒருநாள் நம்ம செக்கிங்ல உக்கார வைக்கணும்டி. தன்னால திருந்திரும்.”