சுந்தரராஜுலுவின் முறைப்பு

தனபாலிடம் மார்பளவுச் சிலை செய்யச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே புகைப்படத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். தோளில் பொன்னாடை, கையில் கேடயம், யாரோ சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு. படத்தில் இருப்பவர் பாடகராக இருக்கலாம், எலும்பு மருத்துவராக இருக்கலாம், பருத்தி விதையை ஆராய்ந்தவராகவும் இருக்கலாம். பொன்னாடைக்கு மேலே எல்லாருக்கும் ஒரே முகம். சாதித்தவர்களின் முகம், சாதனை இன்னும் கைக்கு எட்டாமல் இருந்த வருடங்களில் எப்படி இருந்தது என்பதை யாரும் படமெடுத்து வைப்பதில்லை.

கோவை கணபதியில், பம்பு ஃபவுண்டரிகளுக்குப் பின்னால் போகும் சந்தில் இருக்கிறது அவருடைய பட்டறை. பத்தாவது முடித்ததும் பேட்டர்ன் வேலைக்கு வந்தவர். பம்பின் உடலை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர வடிவத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். எந்த உலோகம் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு அளவு உண்டு. ஒரு மனிதன் இறந்து வெறும் புகழுரையாக ஆறும்போது எவ்வளவு சுருங்குகிறான் என்பதற்கு அப்படி ஓர் அளவு இல்லை. தனபாலின் பிற்பாதி வாழ்க்கை அந்தக் குறையோடு போராடியதுதான்.

முதல் சிலை தற்செயலாக வந்தது. ஃபவுண்டரி முதலாளி தன் தகப்பனாருக்குச் சிலை வைக்க விரும்பினார். அந்தப் பெரியவர் தினமும் பட்டறைக்கு வந்து தனபாலோடு வம்பு பேசிக்கொண்டிருந்தவர். "உனக்குத்தான அப்பாவ நல்லா தெரியும், நீயே செய்யி" என்றார் முதலாளி. சிலை நன்றாக வந்தது. அதற்குக் காரணம் கைத்திறன் அல்ல, பழக்கம் என்பது தனபாலுக்குத் தெரியும். அதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். கல்லூரிகள், மருத்துவமனைகள், சங்கங்கள். வந்த மனிதர்களின் முகங்களோடு அவருக்குப் பழக்கம் கிடையாது. இதுவரை செய்தவற்றில் நான்கைந்து தலைகளின் முன்னால் நின்று பார்க்கலாம். மற்றவை மாலை போடப் போதுமானவை.

அவர் மனைவி புவனா இன்னும் கடுமையானவர். "டாக்டரு, பாட்டு வாத்தியாரு, மில்லு மேனேசரு, எல்லாம் எங்க மாமனாராட்டவே இருக்கறாங்க. ஆளுக்கு ஒரு கண்ணாடி மட்டும் மாத்திப்போடறீங்க" என்பார்.

அந்தப் பாட்டு வாத்தியார் விஷயம் தனபாலை விட்டுப் போகவே இல்லை. களிமண்ணில் தலை முடிந்ததும் அவருடைய மகளை வரவழைத்துக் காட்டினார். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் அந்தப் பெண். வெண்கலத்தில் வார்த்து ஒரு பள்ளியின் வாசலில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து, அந்தப் பெண் அந்தத் தெருவழியே போவதையே நிறுத்திவிட்டார் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். தனபால் வீடு தேடிப்போய்க் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்க அத்தன கஷ்டப்பட்டு செஞ்சு வெச்சிருந்தீங்க. மூஞ்சிக்கு நேரா எப்புடீங்க சொல்றது?"

அதில் பொய் எதுவும் இல்லை. இந்த ஊரில் ஒருவர் சமைத்த சாப்பாட்டை, ஒருவர் கட்டிய வீட்டை, ஒருவர் செய்த சிலையை அவர் எதிரிலேயே குறை சொல்வது, செய்தவரைக் குறை சொல்வதாகவே ஆகும். மரியாதை அத்தனை நன்றாக வேலை செய்யும் இடத்தில், ஒரு கேள்விக்கு நேரான பதிலை எங்கே போய்க் கேட்பது?

போன வருடம் சுந்தரராஜுலுவின் தலையைச் செய்யும் வேலை வந்தபோது இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. சுந்தரராஜுலு பயிர் நோய் விஞ்ஞானி. மஞ்சள் பயிரில் வரும் கிழங்கழுகலுக்குக் காரணம் தேடியே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து இறந்தார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயிகள் சங்கம் ஒன்று தன் புதுக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைக்க முடிவு செய்தது. சங்கச் செயலாளர் மோகன்குமார் புகைப்படத்தோடு வந்தார். பொன்னாடை, கேடயம், சிரிப்பு.

தனபால் களிமண்ணில் அந்தச் சிரிப்பைச் செய்தார். பீளமேட்டிலிருந்து சுந்தரராஜுலுவின் மனைவி அம்புஜத்தை மோகன்குமார் அழைத்து வந்தார். எழுபதைக் கடந்தவர். களிமண் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பார்வை சுவரில் தொங்கும் மரப் பேட்டர்ன்களுக்குப் போய்விட்டது.

"நல்லா இருக்குதுங்க" என்றார்.

அதே வார்த்தை. அடுத்த முறை அவர் வருவதற்கு முன்னால் தனபால் ஒரு காரியம் செய்தார். இடது காதில் களிமண்ணை அப்பி, பார்த்தவுடனே தெரியும்படி பெரிதாக்கி வைத்தார்.

அம்புஜம் வந்தார், பார்த்தார். "இப்ப இன்னும் நல்லா இருக்குதுங்க."

அவர் போனதும் தனபால் காதைப் பிய்த்து எறிந்தார். வார்த்துவிட்டால் அவ்வளவுதான். அந்த முகம் இனி மாறாது. பாட்டு வாத்தியாரின் மகள் தெருவை மாற்றிக்கொண்டதுபோல இந்த அம்மாளும் ஈரோட்டுப் பக்கம் போகாமல் இருந்துவிடுவார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நல்லா இருக்குதுங்க என்பார்கள்.

பீளமேட்டுக்கே போய், சிரிக்காத படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை. கடைசியில் அவருக்கு வேறொன்று தோன்றியது. "சொந்தத்துல கல்யாண வீடியோ ஏதாச்சும் இருக்குதுங்களா? பந்தி எடுத்திருப்பாங்களே."

நல்ல யோசனைதான். மேடையில் நிற்பவன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து நிற்கிறான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது மறந்துவிடும். அம்புஜத்தின் தம்பி மகள் கல்யாணம் பென்டிரைவில் இருந்தது. டிவியில் போட்டார்கள். சாம்பார் வாளி வரிசையாக நகர்ந்தது. கேமராவும் கூடவே நகர்ந்தது. வரிசையின் நடுவில் சுந்தரராஜுலு. சோற்றில் கை வைத்தபடி, சாப்பிடாமல், பக்கத்து இலைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் விரலை நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ரசம் வந்தது. இருவருமே கவனிக்கவில்லை. பாதி நேரம் பரிமாறுகிறவரின் முதுகு மறைத்தது. ஆனால் தெரிந்த அரை முகம், எந்தப் புகைப்படத்திலும் இல்லாதது.

"பக்கத்துல யாருங்க?"

"அவருங்களா? பொங்கியண்ணன். கூட வேல பார்த்தவரு. ரெண்டு பேத்துக்கும் ஆகாது."

"ஆகாதவங்க எப்புடீங்க பக்கத்துல பக்கத்துல?"

அம்புஜம் முதல்முறையாகச் சிரித்தார். "எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரு எங்கிருக்காருன்னு தேடிப் போயி பக்கத்துலதானுங்க உக்காருவாரு. என்னைய மொதப் பந்திக்கு அனுப்பிச்சுருவாரு."

விஷயம் இதுதான். கிழங்கழுகலுக்குக் காரணமான பூஞ்சை விதைக் கிழங்கிலேயே ஒட்டிக்கொண்டு வயலுக்கு வருகிறது என்பது சுந்தரராஜுலுவின் கட்சி. பூஞ்சை எங்கும்தான் இருக்கிறது, வயலில் தண்ணீர் தேங்காவிட்டால் அது எதுவும் செய்யாது என்பது பொங்கியண்ணனின் கட்சி. கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே இருவரும் ஓய்வு பெற்றார்கள். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. மற்ற பாதியைத் தேடும்படி ஒவ்வொருவரையும் துரத்தியது மற்றவர்தான். சங்கத்தின் திறப்பு விழா மலரில் இந்தச் சண்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தனபால் தொண்டாமுத்தூருக்கு பஸ் ஏறினார். பொங்கியண்ணன் அங்கே தன் தென்னந்தோப்பில் இருந்தார். முந்தின வாரம் யானை வந்து சாய்த்துவிட்டுப் போன வாழைகளை ஆட்கள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்போனில் களிமண் தலையின் படத்தைக் காட்டினார் தனபால்.

"அவனுக்குச் செலையா?" என்றார் பொங்கியண்ணன். "எனக்கு ஒரு தகவலும் இல்லியே."

தனபால் செல்போனைப் பைக்குள் வைத்தார். "நீங்க வந்து ஒருக்கா பாத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"நானா? நான் பாத்து நல்லால்லைன்னுதான் சொல்லுவேன். அவன் எத எழுதுனாலும் நான் அதத்தான சொல்லியிருக்கறேன்."

"அதுக்குத்தானுங்க வந்தேன்."

பொங்கியண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு வாரேன் போங்க."

சொன்னபடி வந்தார். ஈரத்துணியை விலக்கிக் களிமண் தலையைக் காட்டினார் தனபால். பொங்கியண்ணன் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மூக்கு அவனுதுதான். நெத்தியும் சரி. ஆனா இந்த ஆள எனக்குத் தெரியாதுங்களே."

தனபாலுக்கு இதைக் கேட்டுக் கிடைத்த நிம்மதியை, வேறு எந்தக் கைவேலைக்காரரும் கண்டனத்திலிருந்து பெற்றிருக்க மாட்டார். "எங்கீங்க தப்பு?"

"இது பதில் தெரிஞ்சவன் மூஞ்சி. எல்லாம் தெரிஞ்சுபோச்சுங்கற மாதிரி சிரிக்கறான். அவன் என்னைக்கு இப்புடி இருந்தான்? நான் பேச ஆரம்பிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டான். கேப்பான். அவன் கேக்கறதுதான் பயம். எங்க ஓட்டைன்னு தேடிக்கிட்டே கேப்பான்."

"அப்ப மூஞ்சி எப்புடீங்க இருக்கும்?"

பொங்கியண்ணன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகவாய் ஒரு பக்கமாக நகர்ந்தது. கீழுதடு உள்ளே மடிந்தது. இடது கண் சுருங்கியது, வலது கண் சுருங்கவில்லை. தலை அரை விரற்கடை முன்னால் வந்தது. உருண்டை முகம் கொண்ட பொங்கியண்ணனுக்குள்ளிருந்து, பந்தி வீடியோவில் பாதி மட்டும் தெரிந்த அந்த ஒல்லி மனிதர் முழுதாக எட்டிப் பார்த்தார்.

"அசையாதீங்க!" என்று கத்திவிட்டார் தனபால்.

"இத நான் கேண்டீன்ல செஞ்சு காட்டுவேன்," என்றார் பொங்கியண்ணன், உதட்டை மடித்தபடியே. "அவன் டீ குடிச்சுட்டுப் போனதுக்கப்புறம். எல்லாரும் வயித்தப் புடிச்சுட்டுச் சிரிப்பாங்க. ஒரு நாளு திரும்பி வந்து பாத்துப்போட்டான்."

"ஐயோ. என்னங்க சொன்னாரு?"

"இன்னும் கொஞ்சம் கண்ணச் சுருக்கோணும்னான்."

மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார் அவர். நடுநடுவே உதடு களைத்துப்போய்த் தண்ணீர் குடித்தார். தனபால் சிரிப்பை வழித்தெடுத்தார். கன்னத்தில் ஏற்றியிருந்த மண் இறங்கியது. கேலி செய்வதற்காக வருடக்கணக்கில் ஒருவர் முகத்தை உற்றுப் பார்த்தவருக்கு அந்த முகம் மனப்பாடம் ஆகியிருந்தது. அன்போடு பார்த்தவர்கள் இத்தனை உற்றுப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அல்லது இதற்கும் அன்பு என்றே பெயரோ என்னவோ. பொங்கியண்ணனிடம் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கிளம்பும்போது அவர் களிமண்ணை மறுபடி பார்த்தார். "நல்லா இருக்குது" என்று சொல்லவில்லை. "தண்ணி தேங்கினாத்தான்டா அழுகும்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அம்புஜமும் மோகன்குமாரும் வந்தார்கள். தனபால் துணியை விலக்கினார். இதற்கும் அதே பதில் வந்துவிட்டால் பிறகு கேட்க ஆளே கிடையாது.

மோகன்குமார்தான் முந்திக்கொண்டார். "நல்லா இருக்குதுங்க. ஆனா கொஞ்சம் சிரிச்சாப்புல இருந்தா, விசேசத்துக்கு வாரவங்க..."

அம்புஜம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஸ்டாண்டுக்கு நேர் எதிரில் போய் நின்றார்.

"ஏமண்டி, எந்துக்கு அட்ல சூஸ்தாரு?" என்றார் களிமண்ணைப் பார்த்து.

அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. இத்தனை நாளும் பட்டறையில் அந்த அம்மாளின் வாயிலிருந்து தமிழ் மட்டுமே வந்திருந்தது. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டது தனபாலுக்குப் புரிந்தது. அந்த அளவு தெலுங்கு கோவையில் யாருக்கும் புரியும். அதற்குப் பிறகு அவர் வேகமாகச் சொன்ன நாலைந்து வாக்கியங்கள் புரியவில்லை. சாப்பாடு ஆறிப்போவதைப் பற்றி ஏதோ திட்டு என்று மட்டும் தெரிந்தது.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தமிழுக்குத் திரும்பினார். "இந்த மூஞ்சிய உங்களுக்கு யாரு காட்டுனாங்க?"

தனபால் சொன்னார். கேண்டீன் விஷயத்தையும் மறைக்கவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே இவரு ஊட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு." அம்புஜம் மோகன்குமார் பக்கம் திரும்பினார். "திறப்பு விழாவுக்குப் பொங்கியண்ணனக் கூப்புட்டீங்களா?"

"இல்லீங்கம்மா. ரெண்டு பேத்துக்கும் ஆகாதுன்னு சொன்னாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"கூப்புடுங்க. மொத வரிசையில, நேரா உக்கார வெய்யுங்க. இல்லீன்னா இவரு அங்க யாரப் பாத்து மொறைக்கறது?"

மோகன்குமார் தொண்டாமுத்தூர் நம்பரைத் தனபாலிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் தனபால் வார்ப்புக்கு அச்சு எடுக்கப் பிளாஸ்டரைக் கரைத்து, சுருங்கிய அந்த இடது கண்ணிலிருந்து பூச ஆரம்பித்தார்.