ஊதாத் துணிக்குள் அம்மா

பாச்சை உருண்டை வாசம் எங்கே அடித்தாலும் எனக்குப் பெரிய வெள்ளி நெருங்கிவிட்டதுபோல் இருக்கும். தவக்காலத்தின் கடைசியில் எங்கள் கோயில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். ஆண்டு முழுக்கப் பெட்டியில் கிடந்த அந்தத் துணியின் வாசம், மாதாவையும் சூசையப்பரையும் மறைத்துக்கொண்டு கோயில் முழுக்கப் பரவும்.

அம்மா இறந்த ஆண்டு எனக்கு ஒன்பது வயது. அதுவும் தவக்காலம்தான். அடக்கம் முடிந்து வந்த அன்றே அப்பா, கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை அவளுடைய ஊதாச் சால்வையால் மூடினார். பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் "ஷிப்டு" முடிந்து வருவார், எனக்குச் சோறு போடுவார், படுத்துவிடுவார்; அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "அழுகைய அடக்கி வெச்சா ஒடம்புக்கு ஆகாதுலா, தம்பி," என்று பக்கத்து வீட்டு அஞ்சலைப் பெரியம்மா குழம்புச் சட்டியோடு வரும்போதெல்லாம் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஆனாலும், ஈஸ்டர் வந்தால் கோயிலில் திறப்பதுபோல் வீட்டிலும் திறந்துவிடுவார், பேசுவார் என்று நம்பிக்கொண்டு நான் பொறுத்திருந்தேன்.

ஈஸ்டர் காலைப் பூசையில் சுரூபங்கள் எல்லாம் பளிச்சென்று நின்றன. எல்லாரும் "அல்லேலூயா" பாட, அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சால்வை அப்படியே தொங்கியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"கோயில்ல எல்லாரையும் தொறந்துட்டாங்கப்பா. நம்ம அம்மாவ எப்ப தொறப்பீங்க?"

ஹெல்மெட்டும் கையுமாக நின்ற அப்பா, சால்வையை இழுத்து முகத்தில் பொத்திக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். படத்தில், உம்பாய்க் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் தட்டோடு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "அந்த மீனு முழுசும் ஒங்கம்மாவே தின்னுட்டா, தெரியுமா? எனக்கு வாலுதான்," என்றார். அன்று பகல் முழுக்க அம்மா பேச்சுதான். உயிர்ப்பு என்று சாமியார் சொன்னது இதைத்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆயர் குரோ என்ற ஊரில் தனியாக இருக்கிறேன். பழைய வீட்டை விற்றாயிற்று, அஞ்சலைப் பெரியம்மாவும் போய்விட்டார், நான் போகும் கோயிலில் சுரூபங்களை மூடும் வழக்கமும் இல்லை. சென்ற கிறிஸ்துமஸ் கழிந்ததும் அப்பா இறந்தார். அவர் படத்தைப் பார்க்கத் தாங்காமல், அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இன்று ஈஸ்டர். பூசை முடிந்து வந்தேன். கேட்பதற்கு வீட்டில் ஒரு பிள்ளை இல்லை. "எப்ப தொறப்பீங்க?" என்று நானே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசத்தோடு அப்பா வெளியே வந்தார்.