ராமலிங்கமும் ஒரு குவியல் உரமும்

ராமலிங்கம் போய்விட்ட செய்தி, பழைய அலுவலகத்தின் வாட்ஸப் குழுவில் மராத்தியில் வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்றைப் போட்டேன். பிறகு "அடப்பாவி மனுஷா" என்று வாய்விட்டுச் சொன்னேன். சாங்வியில் என் வீட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை.

நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கு அவர் பிம்ப்ரி கிடங்கில் வேலை பார்த்த அம்பாசமுத்திரத்துக்காரர். அதற்கு முன் அவர் ஹடப்சரில், ஓர் உர நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் என்னோடு இருந்தார். முல்ஷி பக்கம் குத்தகை வயலில் எங்கள் நெல் சோதனை. தழைச்சத்தை மெல்ல மெல்லக் கசியவிடும், மேற்பூச்சு கொடுத்த யூரியா பாதி, தொழுவுரம் பாதி. யூரியா மட்டும் போதாதா என்று நான் அலுத்துக்கொள்வேன்.

"பயிருக்குச் சோறு போடுதது யூரியா. மண்ணுக்குச் சோறு போடுதது சாணி. ரெண்டுக்கும் பசிக்கும்லாவே?" என்பார்.

தொழுவுரத்தை முதலில் பரப்பி உழ வேண்டும், நடவின்போதுதான் யூரியா. இது அவர் போட்ட சட்டம். ஒரு வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது, மழைக்கு முன் வேலையை முடிக்கும் அவசரத்தில், நான் இரண்டையும் ஒரே குவியலாகக் கலந்து தார்ப்பாய் போட்டு மூடினேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு. ஈரத்திலும் சூட்டிலும் பூச்சு கெட்டு, தழைச்சத்து மொத்தமாக வெளியேறத் தொடங்கிற்று. பாயை எடுத்தபோது நெடியில் கண் எரிந்தது. இருந்தும் வாயைத் திறக்காமல் வயலில் போட்டுவிட்டேன். பயிர் அவசரமாகக் கறுத்து வளர்ந்து, கதிர் வரும் முன்பே வெளுத்தது.

கூட்டத்தில் மேலாளர் இந்தியில் கேட்டார்: "கிஸ்னே மிலாயா?" கலந்தது யார் என்று.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. நான் மேசையைப் பார்த்தேன். ராமலிங்கம், "மைனே, சார்" என்று, தானே கலந்ததாகச் சொன்னார்.

அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அடுத்த பருவத்தில் அதே சோதனையை அவர் சொன்ன முறைப்படியே நான் செய்தேன். நெல் நன்றாக விளைந்தது. பாராட்டு எனக்கு வந்தது. வெட்கத்தோடுதான் வாங்கிக்கொண்டேன், ஆனால் வாங்கிக்கொண்டேன்.

ஒருமுறை பிம்ப்ரிக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"சும்மா கெடயும்வே. உம்மையும் அனுப்பிட்டான்னா, இந்த ஊர்ல நெல்லைப் பத்தி நான் யார்கிட்டவே பேச?"

அதன் பிறகும் நான் அதிகம் போகவில்லை. போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் பேச வைத்திருந்ததை யாரிடம் பேசினாரோ, தெரியவில்லை. இப்போது எனக்கும் அதே கதிதான்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, இத்தனை வருடம் நான் அனுபவித்த நல்ல பெயர். அது அவருடையது. அந்தக் குவியலைக் கலந்தவன் நான்.